வகுப்பில் இடஒதுக்கீட்டுப் பேச்சு எடுத்தாலே சண்டை: ஆசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. பிளஸ் 1 அரசியல் அறிவியல் வகுப்பு. சமத்துவ உரிமை பற்றிய பாடத்தில் இடஒதுக்கீடு வந்ததும் ஒரு மாணவன், "சார், அவங்களுக்கு மட்டும் கம்மி மார்க்லயே சீட்டு கெடைக்குது" என்றான். பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டாகிவிட்டது, மாலையில் பேருந்து நிறுத்தத்தில் கைகலப்பு. "பாடத்தை வாசிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க, பேச்சே வேண்டாம்" என்கிறார் தலைமை ஆசிரியர். அவர் சொல்வது சரியா?

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் 2 மாணவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்று அதற்கு முன்பே பள்ளியிடம் சொல்லப்பட்டிருந்தது. அதை ஒட்டித்தான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆனால் அந்தச் சம்பவத்தின் பாடம் "வகுப்பில் பேசாதே" என்பதல்ல. நீங்கள் பேசாவிட்டாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் டீக்கடையிலும் பேருந்தின் கடைசி இருக்கையிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு என்றால் என்னவென்று தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

முதலில் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பறையில் யார் என்ன சாதி என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெரு, எந்தப் பேருந்து, அப்பாவின் பைக்கில் என்ன ஸ்டிக்கர் என்பது போதும். உங்கள் சாதியும் அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே "பொதுவாகப் பேசுவோம்" என்பது இங்கே நடக்காது. "சிலர்" என்று யார் சொன்னாலும் நாற்பது தலைகளும் குறிப்பிட்ட இரண்டு பெஞ்சுகள் பக்கம் திரும்பும். வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகளில் வரும் "வட்டமாக உட்கார்ந்து உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்" என்ற உத்தியை நம் ஊரில் செய்யவே செய்யாதீர்கள். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அது நடக்கலாம். ஒரே ஒன்றியத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், காலையில் ஒரு பிள்ளை மனம் திறந்து சொன்னது சாயங்காலம் ஊருக்குள் போய்விடும். அதற்கான விலையை அந்தப் பிள்ளைதான் கொடுக்கும்.

அதே காரணத்தால் பட்டிமன்றமும் வேண்டாம். இது பலருக்குக் கசக்கும், ஏனென்றால் நமக்கு விவாதம் என்றாலே இரண்டு அணி, ஒரு நடுவர், கைதட்டல்தான் நினைவுக்கு வரும். "கல்யாணத்துக்குப் பின் மகிழ்ச்சி கூடுகிறதா குறைகிறதா" என்பதற்கு அந்த வடிவம் அருமையானது. இடஒதுக்கீட்டுக்கு அது மூன்று வகையில் கெடுதல். கைதட்டலுக்காகப் பேச்சாளர் கிண்டலுக்குப் போவார்; கிண்டல் என்றால் யாரையாவது நக்கல் செய்தாக வேண்டும். அணி பிரிக்கும்போதே பிள்ளைகள் சாதிவாரியாகத்தான் கை தூக்குவார்கள். கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார்: ஒரு பாதி வகுப்பு தோற்றுப்போய் வீட்டுக்குப் போகும்.

எதைப் பேச விடுவது, எதை விவாதத்துக்கே வைக்காதிருப்பது என்று நீங்கள் முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். தாளில் மூன்று கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வகை, தகவல்: எத்தனை சதவீதம், எப்படி நிரப்புகிறார்கள், எந்த ஆண்டு வந்தது. இதில் கருத்துக்கு இடமில்லை, தெரியும் அல்லது தெரியாது, அவ்வளவுதான். இரண்டாவது, முடிந்த விஷயம்: மனிதர்கள் சமம், தீண்டாமை குற்றம். அரசமைப்பின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது. அதற்கு "இரண்டு பக்கமும் பார்ப்போம்" என்று ஒரு பக்கத்தை உருவாக்கித் தருவது உங்கள் வேலையல்ல. மூன்றாவது, திறந்த கேள்வி: பி.சி. பிரிவில் வருமான வரம்பு வேண்டுமா, உள் ஒதுக்கீட்டை எந்தக் கணக்கெடுப்பை வைத்துச் செய்வது, மொத்த ஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வைத்த 50 சதவீத உச்சவரம்பு சரியா என்பவை. நீதிபதிகளே பிரிந்து நின்ற கேள்விகள் இவை. பொருளாதார ரீதியில் நலிந்தோருக்கான 10 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்டது மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில்தான். விவாதம் நடக்க வேண்டியது இந்த மூன்றாவது வகையில் மட்டும். வகுப்பு கைமீறிப் போகும் இடங்களைக் கவனித்தால், முதல் வகைத் தகவல் தெரியாமல் மூன்றாவது வகைக்குத் தாவி, கோபத்தில் இரண்டாவதை மிதித்திருப்பார்கள்.

நடுநிலை என்பதையும் இதே பிரிவை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கட்சி விஷயத்திலும் திறந்த கேள்வியிலும் உங்கள் கருத்தைச் சொல்லாதிருப்பது நல்லது. பிள்ளைகள் "சார் நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேட்பார்கள். உங்கள் சாதியோடு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். ஆனால் இரட்டைக் குவளை சரியா தவறா என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றால், உங்கள் மௌனமே ஒரு கருத்தாகப் பதிவாகிவிடும்.

இனி செய்முறை. இரண்டு பீரியட், அதற்கு முன்னால் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம். கேட்க வேண்டியது "இடஒதுக்கீடு பற்றி உன் கருத்து என்ன" என்பதல்ல, "இடஒதுக்கீடு பற்றி நீ கேள்விப்பட்ட ஒரு வரியை எழுது, அதை நீ ஏற்க வேண்டியதில்லை" என்பது. கேள்விப்பட்டது என்று கேட்டால் அப்பா சொன்னது, மாமா சொன்னது, ரீல்ஸில் வந்தது எல்லாம் அச்சமில்லாமல் வெளியே வரும். அன்றே வாசிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, வசவு இருப்பதை நீக்கி, ஒரே மாதிரி வருபவற்றைச் சேர்த்து நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மாணவனை விட்டு வாசிக்கச் சொன்னால் பக்கத்துப் பெஞ்சுக்காரன் கையெழுத்தை அவன் அடையாளம் கண்டுபிடித்துவிடுவான். ஏதாவது சீட்டில் மிரட்டலோ, ஒரு பிள்ளை படும் கொடுமையோ எழுதியிருந்தால் அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

முதல் பீரியட் முழுக்கத் தகவல். சார்ட் பேப்பரில் ஒரு வரிசைக்கு 20 கட்டம், பத்து வரிசை, மொத்தம் 200 கட்டம் போடுங்கள். 100 போட்டால் அரைக் கட்டம் வந்து குழப்பும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டை வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்: பி.சி. 26.5 சதவீதம் என்பது 53 கட்டம், பி.சி. முஸ்லிம் 3.5 சதவீதம் 7 கட்டம், எம்.பி.சி.யும் சீர்மரபினரும் 20 சதவீதம் 40 கட்டம், எஸ்.சி. 18 சதவீதம் 36 கட்டம், அதற்குள் அருந்ததியருக்கு ஏறக்குறைய 6, எஸ்.டி. 1 சதவீதம் 2 கட்டம். மிச்சம் 62. இந்த 62 யாருக்கு என்று கேளுங்கள். பெரும்பாலான வகுப்பில் "ஓசிக்கு" என்றுதான் பதில் வரும். சண்டையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. பேச்சு வழக்கில் ஓசி என்றால் முற்பட்ட வகுப்பு. கலந்தாய்வுப் பட்டியலில் ஓசி என்றால் பொதுப் போட்டி. இரண்டு எழுத்தும் ஒன்று, பொருள் வேறு. (ஓசியில் டீ என்ற மூன்றாவது பொருளை வைத்து ஒருவன் ஜோக் அடிப்பான். அடிக்கட்டும், அது ஒருவரையும் காயப்படுத்தாது.)

அந்த 62 கட்டத்தைச் சாதி பார்க்காமல் தரவரிசையில் முதல் 62 பேரை வைத்து நிரப்பிக் காட்டுங்கள். 40-ஆவது இடத்தில் எஸ்.சி. மாணவி இருந்தால் அவர் பொதுப் போட்டியில் வருவார், எஸ்.சி.க்கான 36 கட்டமும் அப்படியே இருக்கும். கல்லூரி, பாடப்பிரிவு தேர்வு என்று வரும்போது நுணுக்கங்கள் கூடும் என்றாலும் அடிப்படை இதுதான். இதை வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது. கட்டத்தில் பென்சிலால் எழுதி நிரப்பினால் இருபது நிமிடத்தில் விளங்கும்.

உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்ப ஏன் சார் கட்-ஆஃப் வேற வேறயா இருக்கு?" மழுப்பாதீர்கள். வேறுபாடு இருக்கிறது. முந்தைய ஆண்டின் பொறியியல் கட்-ஆஃப் பட்டியலை எடுத்து வந்து, 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கி, உள்ளது உள்ளபடி காட்டுங்கள். நீங்கள் மறைக்கும் எண்ணை அவர்கள் யூடியூபில் பார்த்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

உங்களுடையது அரசுப் பள்ளி என்றால் இன்னொரு துருப்புச்சீட்டு கையில் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் அத்தனை பேருக்கும், எந்தச் சாதியானாலும், அது பொருந்தும். "தனியார் பள்ளிப் பையன் நம்ம ஸ்கூல் சயின்ஸ் குரூப் பசங்களைவிட நீட்டில் கூடுதல் மார்க் வாங்கியும் அவனுக்குக் கிடைக்காத இடம் நம்ம பசங்களுக்குக் கிடைக்கிறது. இது நியாயமா?" என்று கேளுங்கள். அவர்களே பதில் சொல்வார்கள்: அவனுக்கு கோச்சிங் இருக்கு, எங்க ஸ்கூல்ல பாதி வருஷம் பிசிக்ஸ் வாத்தியாரே இல்ல, எங்க வீட்ல டாக்டர் யாரும் இல்ல. அந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் அப்படியே எழுதுங்கள். எதையும் விளக்க வேண்டாம். பிறகு 200 கட்டத்துக்குத் திரும்பி, இவற்றில் எந்தெந்த வாக்கியம் இதற்கும் பொருந்தும் என்று மட்டும் கேளுங்கள்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. "அப்ப ஏழ்மைதான் சார் காரணம், சாதி இல்ல" என்று ஒரு மாணவன் முடிப்பான். பாதி வகுப்பு தலையாட்டும். அவனை மடக்காமல், இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். ஏழைப் பிள்ளை படித்து வேலைக்குப் போனால் ஏழ்மை போகிறது; வாடகைக்கு வீடு கேட்கும்போது "நீங்க என்ன ஆளுங்க" என்ற கேள்வி போகிறதா? இந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அதற்குச் சாட்சி சொல்ல எந்தப் பிள்ளையையும் கூப்பிடாதீர்கள். உதவிபெறும் பள்ளி என்றால் 7.5 உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. அங்கே அதே பயிற்சியில் உங்கள் பிள்ளைகள் இடம் கிடைக்காத பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும், அதுவும் பயனுள்ளதே.

இரண்டாம் பீரியட்தான் விவாதம். அமெரிக்காவில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் வகுத்த ஒரு முறை இதற்குப் பொருந்தும். நான்கு பேர் ஒரு குழு, இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் இரு பக்கத்தையும் விட்டுவிட்டு நான்கு பேரும் ஒத்துக்கொள்ளும் வரிகளை எழுதுவார்கள். குழுவை அவர்களே சேர விடாதீர்கள்; வருகைப் பதிவேட்டு வரிசையில் நான்கு நான்காக எண்ணிப் பிரியுங்கள். 45 நிமிடத்தில் கணக்கு இது: குறிப்பு வாசிக்க 8, ஒவ்வொரு பக்கமும் பேச 4 வீதம் 8, எதிர்ப்பக்கம் சொன்னதை அவர்கள் திருப்தியாகும்படி திருப்பிச் சொல்ல 4, பக்கம் மாற்றிப் பேச 8, ஒத்த வரிகள் எழுத 7, நீங்கள் வாங்கி வாசிக்க 5. மிச்சம் ஐந்து எப்படியும் பெஞ்சை நகர்த்துவதில் போகும். நேரம் போதாவிட்டால் கடைசிப் பகுதியைக் குறைக்கலாம். திருப்பிச் சொல்லும் நான்கு நிமிடத்தை மட்டும் தொடாதீர்கள், மொத்த முறையும் அதில்தான் நிற்கிறது.

கேள்வியை இன்று நடக்கும் சண்டையிலிருந்து எடுக்காமல் கொஞ்சம் பழையதாக எடுங்கள். எனக்குத் தெரிந்து இதற்கு மிகப் பொருத்தமானது 1979. எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 1980 மக்களவைத் தேர்தலில் பலத்த தோல்வி. அந்த ஆண்டே வரம்பை விலக்கி, பி.சி. ஒதுக்கீட்டை 31-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது அதே அரசு. பின்னர் 1989-இல் அந்த 50-க்குள்ளிருந்துதான் எம்.பி.சி.க்கு 20 பிரிந்தது. "வரம்பு வைத்தது சரியா, விலக்கியது சரியா?" இதில் இரண்டு பக்கமும் வலுவான வாதம் உண்டு, இரண்டுமே ஒருவரையும் இழிவுபடுத்தாது, எம்.ஜி.ஆர். இரண்டு பக்கத்திலும் இருக்கிறார் என்பதால் ரசிகச் சண்டையும் வராது. இன்றைக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் 8 லட்சம் ரூபாய் வரம்பு இருப்பதையும், மாநில ஒதுக்கீட்டில் இல்லாததையும் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கம் மாற்றுவதைத் திறந்த கேள்விக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இடஒதுக்கீடே வேண்டாம்" என்ற பக்கத்தை ஒரு எஸ்.சி. மாணவியின் தலையில் கட்டிப் பேச வைப்பது பயிற்சியல்ல. ஆணவக் கொலை, சாதி மறுப்புத் திருமணம் ஆகியவற்றையும் இந்த முறையில் எடுக்காதீர்கள். எந்த வகுப்பிலும் ஒரு ஜோடி பற்றிய கிசுகிசு இருக்கும், பேச்சு நேராக அந்தப் பெண்ணின் மேல் போய் விழும்.

நாளையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடைசி பீரியட் கூடாது. சூடு ஆறாமல் ஒரே பேருந்தில் ஏறுவார்கள். காலையில் இரண்டாவது பீரியட் நல்லது, நாள் முழுக்க உங்கள் கண் முன்னால் இருப்பார்கள். தென் மாவட்டங்களில் செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களை விட்டுவிடுங்கள். ஊரில் அடிதடி நடந்த வாரத்திலும் வேண்டாம்.

சொற்கள் தனிக் கவனம் கேட்கும். சாதிப் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியை எளிதில் போடலாம், ஆனால் "நம்மாளு", "அவனுங்க", "காலனிப் பசங்க" என்பவை அதே வேலையைச் செய்யும். அரசு ஆவணங்களிலிருந்தே "காலனி" என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்தச் செய்தியை ஒட்டியே பேச்சைத் தொடங்கலாம். வகுப்புக்கான விதியை ஒரே வரியில் எழுதிப் போடுங்கள்: "ஆளைச் சொல்லாதே, விதியைச் சொல்." அதாவது "அவங்களுக்கு" என்று ஆரம்பித்தால் நிறுத்தி, "எந்த விதியின்படி?" என்று கேட்பது. மூன்றாவது முறை அவர்களே ஒருவரையொருவர் அப்படிக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவன் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிடலாம். அந்த நொடியில் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அந்தச் சொல் யாரைத் தைக்குமோ அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பது. உங்கள் பார்வையைத் தொடர்ந்து வகுப்பே பார்க்கும். சொன்னவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இந்த வார்த்தை இந்த அறையில் கிடையாது. அது சட்டப்படியும் குற்றம். நீ சொல்ல வந்ததை வேறு வார்த்தையில் சொல்லு, இல்லையென்றால் உட்கார்" என்று சொல்லி, எல்லோரையும் குனிந்து எழுத வைக்கும் வேலை ஒன்றைக் கொடுங்கள். "இன்று கற்ற இரண்டு எண்களை எழுது" என்பது போதும். ஐந்து நிமிடம் கிடைக்கும்.

அங்கேயே மன்னிப்புக் கேள், கை குலுக்கு என்று சொல்லாதீர்கள். பார்வையாளர் முன் கேட்ட மன்னிப்பு வெளியே போனதும் அவமானமாக மாறும், பழியைத் தேடும். திட்டு வாங்கிய பிள்ளையோ மன்னிக்க மறுக்க முடியாத நிலையில் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கே, தனித்தனியாக, முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் பேசுங்கள். நடந்ததைத் தேதி, பீரியட், சொன்ன சொல் சகிதம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். இரு வீட்டுப் பெற்றோரையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். அப்பா மட்டும் வர மாட்டார், வேனில் வருவார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. குடும்பம் புகார் கொடுக்க நினைத்தால், "பள்ளிப் பேரு கெட்டுடும்" என்று சமாதானம் பேசித் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். பாடக்குறிப்பில் எந்தப் பாடம், எந்தக் கற்றல் நோக்கம் என்று எழுதி, கூடவே அரைப் பக்கத்தில் 200 கட்டப் பயிற்சியையும் 1979 கேள்வியையும் காட்டுங்கள். எந்தக் கட்சிக்கும் சாதிக்கும் சார்பாகவோ எதிராகவோ ஒரு வரிகூட இல்லை என்று பார்த்ததும் பலர் இறங்கி வருவார்கள். யாராவது பெற்றோர் "வாத்தியார் அரசியல் பேசுறார்" என்று வந்தால் எடுத்துக் காட்டவும் அந்தத் தாள் உதவும். வகுப்பில் யாராவது போனில் முப்பது விநாடி வீடியோ எடுத்துச் சுற்றில் விட்டாலும் முழு வகுப்பும் எழுத்தில் இருக்கிறது.

சந்துரு குழு சொன்னவற்றில் ஆசிரியர் தானே நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு: அகர வரிசையில் உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைக் கவனிப்பது. இத்தோடு, உதவித்தொகைப் படிவத்துக்கு "எஸ்.சி. பசங்க எழுந்திரிங்க" என்று சொல்லும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அலுவலகத்துக்குத் தனியாக அழைத்து வாங்கலாம். காலையில் அப்படி எழுந்து நிற்க வைத்துவிட்டு, மதியம் சமத்துவம் பற்றி 200 கட்டம் போட்டுப் பயனில்லை.

வகுப்பு முடிந்தபின் மூன்று நாள் மதியம் சாப்பிடும் இடத்தையும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடும் இருவர் பிரிந்து உட்கார்ந்தால், ஒருவன் திடீரென்று லீவு போட்டால், கயிற்றின் நிறம் பெஞ்சுக்குப் பெஞ்சு மாறினால், பேருந்து நேரத்துக்கு வாசலில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். லீவு போட்ட பையனின் வீட்டுக்கு அன்றே போன் செய்யுங்கள், வகுப்புத் தலைவனைத் தூது அனுப்பாதீர்கள். பள்ளிக்குள் சொல்லப் பயப்படும் பிள்ளைகளுக்காகக் கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் விவாதம் நடக்கும் நாளில் எழுதாமல், ஆண்டு தொடக்கத்திலேயே கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துவிடுங்கள்; யாருக்காக எழுதினார் என்ற கேள்வி அப்போது வராது.